நாலாவது ஆளுக்கு வந்த சீட்டு

பிப்ரவரி 3

வாலு,

பஸ் கிளம்பும்போது நீ திரும்பியே பார்க்கவில்லை. நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண், "யாருக்குக்கா டாட்டா காட்டுறீங்க, அந்த ஜன்னல் மூடியில்ல இருக்கு" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டேன்.

கோபம் இன்னும் இருக்கிறதா? நான் உன்னைத் துரத்திவிடவில்லை. ஏஜெண்ட் அண்ணன் நம் தெருக்காரர். தானாக வந்து, "நல்ல கம்பெனிம்மா, பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனி விடுதி"ன்னு சொன்னார். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக அடுத்தவர் ரத்தத்தை அலசுகிறேன். நீயும் இங்கேயே வந்து நிற்க வேண்டாம் என்றுதான் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் பேசினால் எனக்குப் பத்தவில்லை. கடிதம் போடு. நான் அஞ்சாம் கிளாஸ்தான், எழுத்து கோணலாக இருக்கும், நீ சிரிக்கக் கூடாது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது உன் சத்தம்தான். இப்போது குழாய் சொட்டுவது கேட்கிறது.

உன் அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

போனில் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று மூன்று தடவை சொன்னேனே, அது உனக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த வார்டனுக்குச் சொன்னது. உனக்கு இங்கே சொல்கிறேன். சுமாராக இருக்கிறேன்.

மீனைப் பெட்டியில் அடுக்குகிறோம். அடுக்கிய பெட்டியை வண்டியில் தள்ளிக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். உள்ளே போனால் மூக்குமுடி விறைத்துக்கொள்கிறது. விடுதி அறையில் மூன்று கட்டில். ஒருத்தி நெட்டை, நிலையில் இடித்து இடித்து நெற்றியில் தழும்பே விழுந்துவிட்டது. இன்னொருத்தி கண்ணாடி. அவள் கண்ணாடியைக் கழற்றினால் சுவரிடம் மன்னிப்புக் கேட்பாள்.

அலமாரி மேலே யாரோ விட்டுப்போன ஒரு விளையாட்டுப் பெட்டி கிடந்தது. எங்களுக்கு அதுதான் டிவி, அதுதான் சினிமா. நாலு பேர் வேண்டும். நாங்கள் மூன்று பேர். "எங்க அக்கா இருக்கா, தபால்ல ஆடுவா" என்று சொல்லிவிட்டேன். நீதான் நாலாவது ஆள், மாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஒரு படகு. நாலு பேரும் அதில் இருக்கிறோம். படகு ஒழுகுகிறது. ஆறு கட்டம் தாண்டினால் கரை. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு சீட்டைக் குப்புறப் போட வேண்டும். கலைத்துவிட்டுத் திருப்பினால் எல்லாம் அடைக்கிற சீட்டாக இருக்க வேண்டும். இருந்தால் படகு ஒரு கட்டம் நகரும். ஒரே ஒரு ஓட்டைச் சீட்டு கலந்திருந்தாலும் தண்ணீர் ஒரு படி ஏறும். மூன்று படி ஏறினால் நாலு பேரும் காலி. தனியாக யாரும் ஜெயிக்க முடியாது, சேர்ந்துதான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் ஆள் சீட்டு என்று எட்டு இருக்கிறது. ஏழில் மிதவை வளையம், ஒன்றில் கோடாரி. கோடாரி வந்தவள் துரோகி. எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே படகை மூழ்கடிக்க வேண்டும். இப்போது ஆளுக்கு ஒன்று எடுத்தாகிவிட்டது. மூன்றாவது கட்டத்தில் ஒரு தீவு வரும், அங்கே மிச்சம் நாலையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரிப்போம். அதனால் இப்போது துரோகி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதுவரை நல்லவளாக இருந்தவள் தீவில் கெட்டவளாகவும் ஆகலாம். அவள் கையில் ஒன்றும் இல்லை, சீட்டு அப்படி விழுந்தால் அப்படித்தான்.

மடித்த தாளில் உன் ஆள் சீட்டு. யாரிடமும் சொல்லாதே, என்னிடமும். கூட ஐந்து சின்னச் சீட்டு. ஒன்றைத் தாளில் மடித்து அனுப்பு. எது அடைக்கிறது, எது ஓட்டை என்று பார்த்தாலே தெரியும்.

வாலு

(டாட்டா காட்டினாய் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூசி.)


பிப்ரவரி 20

வாலு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் கடைசியில் சாப்பிட ஒன்றும் இல்லை. சேர்ந்து ஜெயிக்க வேண்டும் என்கிறாய், அப்புறம் எதற்கு நடுவில் ஒருத்தியைத் துரோகி ஆக்குகிறீர்கள்? அவள் பாவம் இல்லையா? உங்களுக்கெல்லாம் வேலை இல்லாத நேரமும் வேலையாக இருக்கிறது.

ஆள் சீட்டைப் பார்த்தேன். சொல்ல மாட்டேன். மேலே சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்தில் சின்னச் சீட்டுகளை மடியில் பரப்பிப் பார்த்தேன். கூடத்துக்குப் பொறுப்பான பெரியம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, சீட்டாட ஆரம்பிச்சுட்டியா, இனி புருஷன் கிடைச்ச மாதிரிதான்" என்றாள். எனக்கு எது போட வேண்டும் என்று உடனே புரிந்துவிட்டது. அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் நின்றுவிடும், கவலைப்படாதே.

குளிர் அறைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். போன வருஷம் உனக்குக் காதுவலி வந்தது.

உன் அக்கா


மார்ச் 1

அக்கா,

இங்கே ஒரு சண்டையே நடந்துவிட்டது. நாலு சீட்டையும் கலைத்துத் திருப்பினால், மூன்று பலகை, ஒரு ஓட்டை! தண்ணீர் ஒரு படி ஏறிவிட்டது. கண்ணாடி நெட்டையைப் பார்த்து, "உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நீதான்" என்றாள். நெட்டை, "உனக்கு என் மூஞ்சி எங்கடி தெரியும், கண்ணாடியே போடலயே" என்றாள். அன்றைக்கு ரெண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். உன்னை யாரும் சந்தேகப்படவில்லை. "பாவம், அஞ்சாம் கிளாஸ் படிச்ச அக்கா, அதுக்கு சூது தெரியாது"ன்னு கண்ணாடி சொல்கிறாள்.

இனி நிஜம். குளிர் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கிறது. அது சும்மா சுற்றுகிறது, திறப்பதில்லை. கதவு சாத்திக்கொண்டால் வெளியே இருக்கிறவர் திறந்தால்தான் உண்டு. போன வாரம் நெட்டை இருபது நிமிஷம் உள்ளே மாட்டிக்கொண்டாள். வெளியே மெஷின் சத்தத்தில் அவள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. எடுக்கும்போது உதடு நீலமாக இருந்தது. சூப்பர்வைசர், "கதவுக்கு ஒரு கல்லு வச்சிட்டுப் போகத் தெரியாதா"ன்னு அவளைத்தான் திட்டினார்.

28ஆம் தேதி தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். மனு எழுதிவிட்டோம். பதினோரு பேர் கையெழுத்து. எழுதினது நான்தான், முதல் கையெழுத்தும் நான்தான். அவர் கையில் நேராகக் கொடுக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. நீயும்தான்.

வாலு


மார்ச் 9

வாலு,

அந்த ஓட்டை நான் போட்டது.

சத்தியமாகத் தெரியாமல் போட்டேன். பழுப்புப் படத்தில் ஒரு பலகை ஆணியோடு தனியாகக் கிடந்தது. படகில் இருந்து பிய்ந்து விழுந்ததாக்கும் என்று நினைத்தேன். இன்னொரு படத்தில் கறுப்பாக ஒரு வட்டம். எங்கள் அலசுகிற தொட்டியில் தண்ணீர் போகாமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர் அடைப்பு உண்டு, தினமும் கையில் எடுப்பது, அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. ஓட்டையை அடைக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அடைப்பைப் போட்டேன். நான் படகைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேனடி.

அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. என்னால் அவர்கள் சண்டை போட வேண்டாம்.

மனு வேண்டாம். முதல் கையெழுத்து நீ எதற்குப் போட்டாய்? பதினோரு பேரில் உனக்கு முன்னால் ஒருத்தி இல்லையா? வேலை போனால் என்ன செய்வாய்? வேலை போனாலும் பரவாயில்லை, வேறு ஏதாவது செய்துவிட்டால்? அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? கைப்பிடிதானே, ஒரு ஆளிடம் நல்லபடியாகச் சொன்னால் மாற்றிவிட மாட்டார்களா? இந்தத் தடவை பலகையே அனுப்பியிருக்கிறேன். ரெண்டு பேரிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன்.

உன் அக்கா


மார்ச் 16

அக்கா,

அடைப்பா! நெட்டை கட்டிலில் இருந்து விழுந்து சிரித்தாள். கண்ணாடி அவளிடம் மன்னிப்புக் கேட்டாள், சுவரைப் பார்த்து இல்லை, நேராக. இப்போது எங்கள் அறையில் யாராவது நல்லது என்று நினைத்துத் தப்புச் செய்தால் "அக்கா அடைச்சிட்டா" என்றுதான் சொல்கிறோம். உன் பலகையால் படகு ஒரு கட்டம் நகர்ந்தது.

ஆனால் உன் கடிதத்தின் ரெண்டாம் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. நல்லபடியாகச் சொல்ல வேண்டுமாம். நாலு தடவை சொல்லியாகிவிட்டது. நெட்டையின் உதடு நீலமாக இருந்ததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. இந்த வேலைக்கு என்னை அனுப்பினது நீ. பயப்படச் சொல்வதும் நீ. ரெண்டையும் நீயே சொன்னால் நான் எங்கே போய் நிற்பது?

மனு பத்திரமாக இருக்கிறது. விளையாட்டுப் பெட்டியில், படகு அட்டைக்கு அடியில். வார்டன் அறையைச் சோதிக்கும்போது அந்தப் பெட்டியை மட்டும் தொடுவதில்லை, குழந்தைச் சாமான் என்று.

கோபத்தில் எழுதினேன். கிழிக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

வாலு


மார்ச் 22

வாலு,

கோபப்படாதே. எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கைப்பிடியை மாற்றிவிடுவார்கள் என்று என் மனசு சொல்கிறது. மனு கொடுக்க வேண்டிய அவசியமே வராது, பார்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உலர்த்துகிற மெஷின் பக்கம் நிற்க முடியவில்லை. உன்னிடம் இருக்கிற குளிரில் கொஞ்சம் அனுப்பு.

பலகை இதோடு இருக்கிறது.

உன் அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

27ஆம் தேதி மதியம் வார்டன் வந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை. பைகளைத் திறக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி நேராக அந்தப் பெட்டியை எடுத்தாள். அட்டையைத் தூக்கினாள். மனுவை எடுத்துக்கொண்டு பெட்டியை என் கையில் கொடுத்து, "விளையாடுங்க, விளையாடுங்க" என்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது பதினோரு பேருக்கும் லீவு. கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். இப்போது பளபளவென்று சும்மா சுற்றுகிறது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். திட்டவில்லை. "உன் வீட்டு ஆளுங்களுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையேம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமையில் இருந்து எனக்கு மதிய ஷிப்டு, குளிர் அறை, தனி ஆள்.

பெட்டி விஷயம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். எல்லாரும் நெட்டையைச் சொல்கிறார்கள். அவள் அண்ணன் இதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறான் என்பதால். யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுகிறாள். உள்ளே மாட்டிக்கொண்டவளே அவள்தான், அவளா சொல்லியிருப்பாள்?

உன் பலகையால் இன்னொரு கட்டம் நகர்ந்தோம். அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

வாலு


ஏப்ரல் 8

வாலு,

வந்துவிடு. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பி வா. சலவைக்கூடத்தில் பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன், உனக்கு மடிப்பு மேஜையில் இடம் இருக்கிறது. ரத்தத்தைத் தொட வேண்டாம், வெளுத்ததை மடித்தால் போதும்.

அந்த நெட்டைப் பிள்ளையோடு நீ மட்டுமாவது உட்கார்ந்து சாப்பிடு. அவள் சொல்லியிருக்க மாட்டாள். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

தனியாக உள்ளே போகாதே. கதவுக்குக் கல் வை. கல் இல்லாவிட்டால் செருப்பைக் கழற்றி வை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுதி எழுதி மூன்று தாள் கிழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

என் கடைசிப் பலகை இது.

உன் அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

மாசக் கடைசியில் வந்துவிடுகிறேன். முடிவு செய்துவிட்டேன். கண்ணாடியும் கிளம்புகிறாள்.

என்னவோ சொல்ல வேண்டும் என்றாயே, கடிதத்தில் வேண்டாம். வந்ததும் நேரில் சொல். நீ சமைத்துக்கொண்டே சொல், நான் உன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

படகு தீவுக்கு வந்துவிட்டது. நெட்டை தன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் போய், "நீ இல்லடி, எனக்குத் தெரியும், எழுந்து வா" என்றேன். வந்தாள். ரெண்டாவது ஆள் சீட்டைப் பிரித்துவிட்டோம். உன்னுடையதை நான் எடுத்துத் தாளில் மடித்திருக்கிறேன். இனி நம்மில் ஒருத்தி கண்டிப்பாகக் கோடாரிதான். நான் கண்டுபிடித்தாலும் சொல்லப் போவதில்லை. கரை வரைக்கும் கூடவே போய்ப் பார்க்கலாம்.

கல் வைத்துத்தான் போகிறேன். சூப்பர்வைசர் பார்த்தால் காலால் தள்ளிவிடுகிறார், குளிர் வெளியே போகிறதாம். நான் மறுபடி வைக்கிறேன்.

எனக்குக் காது வலிக்கவில்லை.

வாலு


மே 4

வாலு,

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

போன மாசம் பதினேழாம் தேதி சலவைக்கூடத்துப் போனில் கூப்பிட்டார்கள். என் கை முழங்கை வரைக்கும் சோப்பு. "கதவு தானா சாத்திக்கிச்சும்மா, யாரும் கவனிக்கல" என்றான் ஒருத்தன். ஒன்றரை மணி நேரமாம். இருபதாம் தேதி உன்னைக் கொண்டுவந்தார்கள். இருபத்தொன்றில் அடக்கம். இருபத்திரண்டில் தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும், எல்லாரும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், நீ உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். தெருவில் ஓடியே போனேன், எங்கே என்று தெரியாமல்.

மடித்த தாளை அன்றைக்கு நான் பிரிக்கவில்லை.

நேரில் சொல் என்றாய். நேரில் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான்தான் சொன்னேன். உன் கோபக் கடிதம் வந்த மறுநாள் ஏஜெண்ட் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "சின்னவ எப்படிம்மா இருக்கா"ன்னு கேட்டார். நான் அழுதுவிட்டேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "அண்ணே, நீங்க கம்பெனியில ஒரு வார்த்த சொல்லுங்க, அந்தக் கைப்பிடிய மாத்திடச் சொல்லுங்க, மாத்திட்டா இவ மனு கொடுக்க மாட்டா"ன்னு சொன்னேன். என்ன மனு, யார் யார், எங்கே வைத்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பெட்டி, படகு அட்டை, எல்லாம் சொன்னேன். போகும்போது, "நீ கவலைப்படாதே தங்கச்சி, நான் பாத்துக்கறேன்"ன்னு தலையில் கை வைத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். தண்ணீர் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

உன் காரியத்துக்கு வந்திருந்தார். சாப்பிட்டார்.

போன வாரம் நெட்டை வந்தாள். உன் பையையும் அந்தப் பெட்டியையும் கொண்டுவந்தாள். நம் நிலையிலும் இடித்துக்கொண்டாள். நீ சொன்ன தழும்பைப் பார்த்தேன். "எல்லாரும் என்னையத்தான் சொன்னாங்கக்கா. அவ மட்டுந்தான் நீ இல்லன்னு சொன்னா. எதை வச்சுச் சொன்னான்னு தெரியல" என்று அழுதாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டேன். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் உன் பையை என் பக்கம் தள்ளிவைத்தாள். அப்புறம், "அவளுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

அவள் முன்னால்தான் அந்தத் தாளைப் பிரித்தேன். என் முதல் சீட்டு வளையம். சாமி படத்துக்குப் பின்னால் இப்போதும் இருக்கிறது. நீ அனுப்பின ரெண்டாவது சீட்டில் கோடாரி.

நெட்டை பார்த்தாள். "அவதான்க்கா பிரிச்சா. எங்க ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டு, உங்களோடத எடுத்துக்கிட்டுத் திரும்பி உட்கார்ந்து மடிச்சா. முதுகுதான் தெரிஞ்சது. நாங்க பாக்கல" என்றாள். அவள் போகும்போது நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

உன் வேலை உடுப்பு பையில் இருந்தது. வாழ்க்கை முழுக்க யார் யாருடைய துணியையோ துவைத்தேன், அதைத் தண்ணீரில் போட எனக்குக் கை வரவில்லை. அதன் சட்டைப் பையில் ஒரு சின்னக் கல் இருந்தது.

பெட்டியைத் திறந்து படகை அட்டையில் மூன்றாவது கட்டத்தில், நீங்கள் விட்ட இடத்திலேயே வைத்திருக்கிறேன். என் கையில் மிச்சம் இருக்கிற ஒரு சீட்டு கறுப்பு வட்டம். இப்போது அது என்ன என்று எனக்குத் தெரியும். நீ என்னைத் திட்டியிருந்தாலும் நான் பிழைத்துக்கொள்வேன். உனக்குத் தெரியாமலே போயிருந்தாலும், அழுதுகொண்டாவது கிடப்பேன். நடுவில் நிற்கத்தான் முடியவில்லை. மேனேஜர் சொன்னதை நீ எழுதியிருக்கிறாய், கேட்கவில்லை என்கிறாய். நெட்டையை இல்லை என்கிறாய். நேரில் சொல் என்கிறாய். கண்டுபிடித்தாலும் சொல்லப் போவதில்லை என்கிறாய். ஒவ்வொன்றையும் விரலை வைத்து வைத்துப் படிக்கிறேன், அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு இதற்கு மேல் எட்டவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லடி. அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்தாயே, அந்தச் சீட்டைக் குப்புற இருந்தபடியே மடித்தாயா, இல்லை பார்த்து எடுத்துத்தான் எனக்கு வைத்தாயா?